ஆற்றங்கரை வீட்டில் எங்கள் பங்கு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் அநேகர் எங்கள் அண்ணாவை நேரில் கண்டதில்லை. மொன்றியலுக்கு வருவதற்கென்று ஊரிலிருந்து புறப்பட்டவர், கடைசிவரை மொன்றியலுக்கு வந்து சேரவில்லை. ஆனாலும் அவரைப் பற்றி உங்களுக்கு நிறையவே சொல்லி வைத்திருக்கிறோம். அதில் எவ்வளவு உண்மை என்று யாராவது கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. முதலாம் ஆண்டு நினைவு நாளில் ஒரு தங்கை அழுதுகொண்டு எழுதுவதுதான் முறை. நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறேன்.

அண்ணா யாழ்ப்பாணத்து வடமராட்சியில், உப்புக்காற்றில் கதவுப் பிணைச்சல்கள் துருப்பிடித்துப் போகும் ஒரு கிராமத்தில், எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்தது நான். எங்கள் இருவரோடு பிள்ளைக் கணக்குச் சரி. ஐயா இளவயதில் காலமானதும் அண்ணா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தண்ணீர் இறைக்கும் மிசின்கள் திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் படிப்பில் சோம்பல் காட்டும்போதெல்லாம், "படிக்க ஏலாட்டி வா, மண்ணெண்ணெயில மிசின் கழுவுவம்" என்பார். அந்தப் பயத்திலேயே நான் படித்தேன். அவர் கையில் இருந்த கிறீஸ் மணம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டிலும் இருந்தது.

அம்மாவும் போன பிறகு, நாட்டு நிலைமை காரணமாக இருவரும் கனடாவுக்குப் புறப்பட்டோம். காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றிவிடும் ஏஜென்சிக்காரன் எங்களை இந்தோனேசியாவில் கொண்டுபோய் ஓர் அறையில் விட்டான். ஒருநாள் வந்து, "ஒராளைத்தான் இப்ப ஏத்தலாம்" என்றான். அண்ணா யோசிக்கவே இல்லை.

"அவள் போகட்டும். நான் பேந்து வாறன்."

நான் மொன்றியலில் இறங்கியது அவருடைய இடத்தில். அதன் பிறகு அந்த ஏஜென்சிக்காரனை யாரும் காணவில்லை. அண்ணா பொலிசுக்குப் பயந்து, சரக்கு வள்ளம் ஒன்றின் எஞ்சினைத் திருத்திக்கொடுத்து, அதிலேயே ஏறி சுமத்ராவின் உள்ளே ஆற்றோடு போய்விட்டார். ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் ஆற்றங்கரை மனிதராகிவிட்டார்.

அந்த ஊரில் வீடுகள் மரக்கால்களில் நிற்கும். மாரியில் ஆறு ஏறி வந்து வீட்டுப் படிகளில் உட்கார்ந்திருக்கும். எங்களுக்குச் சைக்கிள் எப்படியோ, அவர்களுக்கு வள்ளம் அப்படி. ஆறு ஒவ்வொரு வருடமும் ஒருவர் காணியில் கொஞ்சத்தைக் கரைத்து, அக்கரையில் இன்னொருவர் காணியில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அதற்காக யாரும் வழக்குக்குப் போவதில்லை என்று அண்ணா தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அதிசயப்படுவார். வேலிக்காக வெட்டுக்குத்துப் பார்த்த ஊரிலிருந்து போனவர் அல்லவா? தான் தங்கியிருந்த வீட்டின் கீழே, மரக்கால்களுக்கு நடுவில், வள்ள எஞ்சின்கள் திருத்தும் பட்டறை வைத்திருந்தார். வெள்ளம் வரும்போது பட்டறை முழுவதும் வீட்டுக்குள் ஏறிவிடுமாம்.

அந்த வீட்டுக்காரரின் மகளைத்தான் அவர் மணம் முடித்தார். அதற்காக அவர்களுடைய இஸ்லாம் மார்க்கத்தையும் ஏற்றுக்கொண்டார். என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். நான் "சரி அண்ணை" என்று சொல்லிப்போட்டு, இங்கே ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. கேட்டவர்களிடம், "அங்கை பிசினஸ் செய்யிறார், கலியாணத்தில விருப்பமில்லை" என்றோம். டெப்பனர் என்னும் மூலைக்கடையில் டெலிபோன் காட் வாங்கி அழைக்கும்போது அந்தப் பெண் எடுத்தால், நான் அவரை எந்த உறவுமுறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "அண்ணையிட்டக் குடுங்கோ" என்பேன், அவ்வளவுதான். எனக்குக் குடியுரிமை கிடைத்தபோது, தன்னையும் மனைவியையும் மகளையும் கூப்பிட வழி உண்டா என்று அண்ணா ஒரு தடவை கேட்டார். "முதல் நீங்கள் வாங்கோ, மற்றதைப் பேந்து பாப்பம்" என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு நெஞ்சு நோவென்று அண்ணாவை வள்ளத்தில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி இருந்த பட்டினத்துக்குப் போய்ச் சேரும் முன்பே அவர் உயிர் பிரிந்தது. ஆற்றங்கரை மேட்டில் அடக்கம் செய்தார்கள். இங்கே நாங்கள் மண்டபம் எடுத்துப் பிரார்த்தனை செய்தோம். பத்திரிகையில் மரண அறிவித்தலும் போட்டோம். என் கணவருடைய தமையனின் மருமகன்வரை எல்லோருக்கும் அதில் இடம் இருந்தது. அண்ணாவின் மனைவிக்கும் மகளுக்கும் இருக்கவில்லை.

பிறகு சொத்துக் கதை தொடங்கியது. என் கணவர் டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோறண்ட் குசினியில் வேலை செய்கிறார். அங்கே வெங்காயம் வெட்டியவர்கள் எல்லோரும் எங்களுக்காக நியாயம் பேசினார்கள். அந்தப் பெண்ணை, அண்ணா இருந்த வீட்டுக்காரி என்று மட்டும்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தோம். "வீடு, காணி, றப்பர், ரண்டு வள்ளம். அந்த மனுசி அமுக்கிப்போடும், கெதியாப் போங்கோ" என்றார்கள். கேட்கக் கேட்க எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நான் வேலை செய்யும் புவாண்ட்-கிளேர் வெயர்ஹவுஸில் லீவு எடுத்து, சகோதரி என்று நிரூபிக்க எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும் கைப்பையில் வைத்துக்கொண்டு, கணவரோடு விமானம் ஏறினேன்.

வள்ளம் கரை தட்டியபோது, பெண்கள் பட்டுத்துணி மூடிய தட்டுகளைத் தலையில் வைத்து வரிசையாக நின்றார்கள். யாருக்கோ கலியாணம் என்று நினைத்தேன். எங்களை வரவேற்கத்தான் நின்றார்களாம். செத்தவீட்டுக்கு இறந்தவரின் சகோதரி முதல்தரம் வரும்போது அந்த ஊரில் அப்படித்தான் எதிர்கொள்வார்களாம். அண்ணா மணம் முடித்த அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். "அவற்ர மூக்கு" என்று சொல்லிக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் பேசியது எங்களுடைய தமிழ், அண்ணாவிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ். கைப்பையில் இருந்த சான்றிதழ்களை ஒருவரும் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அவர் தன் சகோதரர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் இருத்திவைத்துவிட்டு, பாயில் ஒரு பழைய பையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே அம்மாவின் படம், ஊரிலிருந்து உடுத்துவந்த சாரம், இரண்டு ஸ்பானர்கள்.

"இது அவர் கொண்டு வந்தது. முதுசம். உங்கட" என்றார். "வீடும் காணியும் என்ர அம்மா வழி. சீதனம் மாதிரி. அது என்ர மகளுக்கு. ரண்டு வள்ளம், றப்பர்க் கண்டு, பட்டறை, ரண்டு பேரும் தேடினது. தேடியதேட்டம். அதில பாதி உங்கட."

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று எங்கள் ஊரில் காணி எழுதும்போது சொல்லும் சொற்கள் அந்த ஆற்றங்கரையில் கேட்டன. அங்கேயும் வழமை ஏறக்குறைய அதுதானாம். பெண்வழிச் சொத்துப் பெண்ணோடு நிற்கும். கணவன் கொண்டுவந்தது அவன் சகோதரிகளிடம் திரும்பிப் போகும். இருவரும் உழைத்தது பாதி பாதி. "உங்கட ஊரிலயும் கிட்டத்தட்ட இப்பிடித்தானாம். சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லித் தந்தவர்" என்றார். பறித்துவிடுவார் என்று நாங்கள் பயந்த மனுசி, கேட்கும் முன்பே பிரித்துவைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். என் கணவர் மெதுவாக, "எந்த வள்ளம் புதுசு எண்டு கேளும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தக் கேள்வி என் நெஞ்சிலும் எழுந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒன்று கேட்டார்.

"மொன்றியல்ல உங்கட ஆக்களுக்கு என்னை ஆர் எண்டு சொன்னனீங்கள்?"

சோதித்துப் பார்க்கக் கேட்கவில்லை. கேட்க ஆசையாய் இருந்தார். என் கணவர் உடனே, "அண்ணையின்ர பெண்சாதி எண்டு" என்றார். நானும் தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்து, தங்கள் மொழியில் பெரியவர்களுக்கும் அதைச் சொன்னார். அவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்கள். நான் என் வாழ்நாளில் அவ்வளவு கூனிக்குறுகியது இல்லை.

எங்களுக்குப் பங்கு வேண்டாம், எல்லாம் பிள்ளைக்கே இருக்கட்டும் என்றேன். அப்படியாவது தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் விடவில்லை.

"இப்ப வேண்டாம். மகளின்ர கலியாணத்தில குடுங்கோ. தேப்பன்ர பக்கத்து மாமி வந்து பக்கத்தில நிக்காட்டி, எங்கட ஊரில பிள்ளை தனிச்சுப் போகும். ஆக்கள் கேப்பினம், தேப்பனுக்கு ஆக்கள் இல்லையோ எண்டு. காசு அனுப்ப வேண்டாம். வந்து, உங்கட கையால குடுங்கோ."

கலியாணம் வருகிற ஆனியில். மருமகள் போன கிழமை தொலைபேசியில், "மாமி, வருவீங்கள்தானே?" என்று தகப்பனின் தமிழில் கேட்டாள்.

கொட்டும் பனியிலும் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு எங்கள் வீட்டுக்கு வந்து துக்கத்தில் பங்குகொண்டவர்களுக்கும், மண்டபத்தில் கதிரை அடுக்கியதிலிருந்து சமையல்வரை தோள்கொடுத்தவர்களுக்கும், இந்த மலரை அச்சிட்டு உதவியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்களிடம் அப்போது சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். எங்கள் அண்ணாவுக்கு மனைவி இருக்கிறார், மகள் இருக்கிறாள். நாங்கள் அங்கே சொன்ன பொய்யை மெய்யாக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அண்ணி, உங்களை நான் இப்படிக் கூப்பிடுவது இதுவே முதல் தடவை. உங்களுக்கு இதை வாசிக்கத் தெரியாது. ஆனியில் வந்து, உங்களுக்குப் பக்கத்தில் இருந்து, நானே வாசித்துக் காட்டுகிறேன். பேந்து, பிறகு என்று இனிச் சொல்லமாட்டேன்.

தங்கை