ஹாண்டில் போடாமல் ஸ்ராட் ஆன கார்

பேய்க்கதை சொல்பவர்களைக் கண்டால் எனக்கு முன்பெல்லாம் அலுப்புத்தான் வரும். சண்டைக் காலத்தில் ஹயர் கார் ஓடியவன் நான். உயிரோடு இருக்கிற ஆட்களுக்குப் பயப்படவே எங்களுக்கு நேரம் போதவில்லை, இதில் செத்தவர்களுக்கு வேறு எங்கே பயப்படுவது? நீங்களும் நம்பப் போவதில்லை, உங்கள் முகத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை, கேட்டுவிட்டுப் போங்கள்.

வீடு நாவற்குடாவில். அன்றைக்கு வாவிக்கு அந்தப் பக்கம், வவுணதீவுக்கும் உள்ளே, ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போகிற கார்க்காரர்கள் எல்லோரும் காரின் முன் ஓட்டையில் போட்டுச் சுற்றி ஸ்ராட் பண்ணுகிற ஹாண்டிலை ஆமிக்காரர் காவல் நிற்கிற சென்றியிலேயே வைத்துவிட்டுத்தான் போவோம். சீற்றுக்குக் கீழே நீளமான இரும்புக் கம்பி கிடந்தால் அது என்ன, எதற்கு, யாருக்கு என்று கேட்டே பொழுதைப் போக்கிவிடுவார்கள். அந்தக் கரைச்சலுக்குக் கம்பியே வேண்டாம் என்றிருந்தது.

வழியில் வயல் வட்டைக்குள்ளிருந்து ஒரு பெண் கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தாள். புருஷனுக்குப் புடையன் பாம்பு கடித்துவிட்டது, விசகடி வைத்தியர் பார்த்துவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டாராம். வரம்பில் கிடந்தான் அவன், யோகன் என்று பெயர், கால் வீங்கி, பல் முரசில் இரத்தம். பெற்றோல் கிடைக்காத காலம், கார் நின்றால் கை தானாகப் போய் இஞ்சினை அணைத்துவிடும். அன்றைக்கும் அணைத்துவிட்டேன். இரண்டு பேருமாக அவனைத் தூக்கிப் பின் சீற்றில் கிடத்திவிட்டு வந்து ஸ்ராட்டரை அமத்தினால் 'டிக்' என்றது. அவ்வளவுதான். திரும்ப அமத்தினேன், திரும்பவும் டிக்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருட்ட முதல் சென்றியைப் பூட்டிவிடுவார்கள், பூட்டினால் விடியும்வரை யாருக்கும் பாதை இல்லை, விடியும்வரை இவன் தாங்கமாட்டான்.

லைற்றைப் போட்டுப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது, ஆகவே பற்றறியில் பிழையில்லை. வயர்முனைகளைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டினேன். டிக். கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினேன், பல்லுச் சிக்கியிருந்தால் விடுபடும் என்று. டிக். தள்ளலாம் என்றால் முதல்நாள் பெய்த மழையில் பாதை முழுக்கச் சேறு, தள்ள ஆளும் இல்லை. ஹாண்டில் இருந்தால் ஒரே சுற்று, ஆனால் அது சென்றியில். அப்போது எனக்கு வந்த களைப்பை எப்படிச் சொல்வது, அந்தச் சேற்றிலேயே படுத்துவிடலாம் போலிருந்தது.

"அண்ணன், இனி என்ன செய்யிற?" என்றாள் அந்தப் பெண்.

"ஸ்ராட்டருக்கு ரெண்டு தட்டுத் தட்டிப் பாப்பம் தங்கச்சி. மறுகா கடவுள் விட்ட வழி."

திறப்பைத் திருகி 'ஒன்'னில் விட்டுவிட்டு, பொனற்றைத் திறந்து பக்கத்தில் நின்று, குனிந்து ஸ்பனரால் தட்டினேன். நம்பினால் நம்புங்கள், கண்ணுக்கு முன்னால் இஞ்சின் காற்றாடி மெதுவாக அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. கையை இழுத்துக்கொண்டேன். காரின் முன்பக்கம் ஒருதரம் அமுங்கி எழும்பியது, யாரோ ஹாண்டிலைப் போட்டு மூச்சைப் பிடித்துச் சுற்றும்போது அமுங்குமே, அதேமாதிரி. திரும்ப அரைச் சுற்று, திரும்ப அமுங்கல். பிறகு ஒரே இழுவை, இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஸ்ராட்டர் சுற்றினால் கிறீச்சென்று ஒரே வேகமாகச் சுற்றும், இப்படி விட்டு விட்டுச் சுற்றாது. முன்னால் போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஹாண்டில் போடுகிற ஓட்டை வெறுமையாக இருந்தது.

யோசிக்க எங்கே நேரம், பொனற்றை அடித்து மூடிவிட்டு ஏறினேன். அப்போது பின்னால் யோகன் முனகினான்.

"என்ட காலை ஒதுக்குகா. அவரும் இருக்கட்டும்."

"ஆரு?" என்றாள் அவள்.

"பாவம், களைச்சுப் போனார்."

விசம் தலைக்கு ஏறிவிட்டது, அலட்டுகிறான் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள், அழத் தொடங்கிவிட்டாள். ஆனாலும் புருஷன் சொன்னபடி அவன் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாக நெருங்கி இருந்தாள்.

சென்றியில் முள்ளுக்கம்பியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லகாலம், அன்றைக்கு நின்றவன் வயதில் சின்னவன், கெட்ட மனுஷன் இல்லை. குனிந்து யோகனின் காலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஹாண்டிலை மணல் மூட்டைக்குப் பக்கத்திலிருந்து அவனே எடுத்துத் தந்தான். பிறகு எல்லா வாகனத்துக்கும் செய்கிறமாதிரி உள்ளே ஆட்களை எண்ணிப் பார்த்து, நாலு விரலைக் காட்டி, சரியா என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

யோகன் பிழைத்துவிட்டான். ஸ்ராட்டர் பழுதாகியிருக்கும், தட்டின தட்டில் எப்படியோ சுற்றியிருக்கும் என்று கராஜில் சொன்னார்கள், அப்படியே இருக்கட்டும். சென்றிக்காரன் பிழையாக எண்ணியிருக்கலாம், அதுவும் இருக்கட்டும். நான் ஏன் தலையாட்டினேன்? பயத்தில் இல்லை, அவசரத்தில் இல்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுத்தான் ஆட்டினேன், அந்த நேரத்தில் எனக்கும் நாலு பேர் என்பது சரியாகத்தான் பட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் மூன்று பேர்தான் இறங்கினோம்.