அட்டையின் மூன்றாவது வரி

மலாய் நாட்டுக் காஜா பேராங்கில் ரேடியோ பழுது பார்த்த சேதுராமன், எந்த செட்டைத் திருப்பிக் கொடுத்தாலும் அதன் குமிழில் ஒரு சின்ன அட்டையைக் கட்டித்தான் கொடுப்பார். அட்டையில் இரண்டு வரி இருக்கும். என்ன கோளாறு, எப்போது வந்தது. "ஏன் வந்துச்சுன்னு எழுதலையே அண்ணே?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "பாடுதுல்ல? கொண்டு போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். திமிர் பிடித்த மனுஷன் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். திமிர் அவருக்கு இருந்தது உண்மைதான், ஆனால் அதெல்லாம் ஐம்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டு மாதம் வரைக்கும்தான்.

அதற்கு முன் அட்டையில் மூன்று வரி இருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளை சேதுராமன். பதினாறு வயதில் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, பண்டார் ஹிலிரில் 'தவுக்கே' என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு சீன முதலாளியின் ரேடியோ கடையில் சேர்ந்தார். அந்தத் தவுக்கே அதிகம் பேசமாட்டார். பழுது பார்த்த ஒவ்வொரு செட்டுக்கும் என்ன, எப்போது, ஏன் என்று மூன்று வரி எழுதச் சொல்வார். மூன்றாவது வரி எழுத முடியாத செட்டைக் கடையை விட்டு அனுப்பவே மாட்டார். பிறகு சொந்தமாகத் தகரக் கூரை போட்ட கடை வைத்த சேதுராமனும் அதையே பிடித்துக்கொண்டார். ஊரில் மற்றவர்கள் வால்வை மாற்றினார்கள், பாடியது, கொடுத்தார்கள். இவர் காரணம் எழுதினார். அதில்தான் அவருக்கு அத்தனை பெருமை.

ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் சிவகாமசுந்தரி அம்மாள் மூன்று சக்கரப் பெச்சா வண்டியில் வந்து இறங்கினாள். மடியில் குழந்தையைப் போல ஒரு மரப்பெட்டி ரேடியோ. அவள் கணவர் கருணாகரன் ஒரு தோட்டக் கம்பெனியின் டவுன் ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் 'கிராணியார்'. எதையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிற ஆள்.

"நல்லாப் பாடிக்கிட்டே இருக்கு தம்பி, திடீர்னு நின்னு போகுது. கொஞ்ச நேரம் விட்டா தானாவே பாடுது. மறுபடி நிக்குது" என்றாள்.

"எப்ப நிக்குது?"

"புதன்கிழமை. மத்தியானம் மூணு மணிக்கு."

"மத்த நாள்ல?"

அவள் சற்று யோசித்து, "இல்ல தம்பி. புதன்கிழமை மட்டும்தான்" என்றாள்.

கிழமை பார்த்துக் கெட்டுப்போகிற ரேடியோவை சேதுராமன் அதுவரை பார்த்ததில்லை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே முதல் இரண்டு வரிகளை எழுதினார். 'பாடும்போதே நின்று, பிறகு தானே பாடுகிறது. புதன், பகல் 3 மணி.' செட்டின் பின்பலகையைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பாடவிட்டார். காலையில் பாடியது, மாலையில் பாடியது, புதன்கிழமை மூன்று மணிக்கும் தடங்கல் இல்லாமல் பாடியது. சந்தேகத்துக்கு ஒரு வால்வை மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது வரியில் ஒன்றும் எழுதவில்லை. அன்று அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

ஜூலையில் அம்மாள் மறுபடியும் வந்தாள். இந்த முறை சேதுராமன் அவள் வீட்டுக்கே போனார். கரண்டு கூடக் குறைய வருகிறதோ என்று மீட்டரை வைத்துப் பார்த்தார். ஏரியல் கம்பியைக் கூரை வரைக்கும் தடவிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கூடத்தில் ரேடியோ, பக்கத்தில் ஒரு நாற்காலி, நாற்காலியின்மேல் மடித்து வைத்த சிவப்புக் கம்பளி. இந்தப் புழுக்கத்தில் கம்பளி எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யாருக்கோ குளிர் காய்ச்சல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அம்மாள் வாசல் வரை வந்தாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன தம்பி. புதன்கிழமை மூணு மணி மாதர் நிகழ்ச்சியில எம் மக பாடுறா."

சேதுராமனுக்கு ருக்மணியைத் தெரியும். காஜா பேராங்கில் தெரியாதவர்கள் யார்? பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய கம்போங் செட்டிக் குடும்பத்துப் பையன் ஒருவனை விரும்பிக் கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனவள். அவனும் கோவிலுக்குப் போகிறவன்தான், திருநீறு பூசுகிறவன்தான். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழ் நாக்கில் வராத வீட்டுக்குப் பெண் போவதா என்று கிராணியார் குதித்தார். அவள் போன அன்றே தலைமுழுகிவிட்டார். அதற்குப் பிறகு அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை. அப்படிப்பட்டவள்தான் இப்போது வாராவாரம் ரேடியோவில் தமிழ்ப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

"அவரு மத்தியானம் சாப்பிட வந்து, நாலு மணி வரைக்கும் பக்கத்து அறையில படுத்திருப்பாரு. அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. எம் மக பாட்டு பெரும்பாலும் கடைசியிலதான் வரும். அதுக்குள்ள இந்தப் பாழாப்போன பொட்டி நின்னுடுது தம்பி. முழுப் பாட்டு ஒண்ணு நான் இன்னும் கேக்கல."

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் சேதுராமன், "நான் பாத்துக்கறேன்மா" என்றார். செட்டைத் தூக்கிக்கொண்டு போய், உள்ளே இருந்த இணைப்பு ஒன்று விடாமல் புதிதாக ஈயம் வைத்துப் பற்றவைத்தார். கொடுத்து அனுப்பினார். ஆகஸ்டில் அது மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது.

ஊரெல்லாம் நாட்டின் சுதந்திரத்துக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜாலான் பெண்டஹாரா வீதித் துணிக்கடைகளில் சிவப்பு, வெள்ளை, நீலத் துணி கிடைக்காமல் சண்டை. முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமை காலை விழாவை ரேடியோவில் கேட்க வேண்டும் என்று வீட்டு மூலையில் கிடந்த செட்டுகளெல்லாம் சேதுராமனின் கடைக்கு வந்து சேர்ந்தன. அத்தனை வேலையையும் ஒதுக்கிவிட்டு அவர் கிராணியார் வீட்டுச் செட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். அது அவரைப் பார்த்துப் பாடிக்கொண்டே இருந்தது.

இருபத்தாறாம் தேதி பிற்பகல் நல்ல மழை. தகரக் கூரை ஒழுகி மேசைமேல் சொட்டியது. சேதுராமன் கைக்கு அகப்பட்ட கான்வாஸ் துணியை எடுத்துச் செட்டின்மேல் போட்டு மூடினார். மழை சத்தத்துக்கு நடுவே அது பாடிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் போயிருக்கும். நின்றுவிட்டது. துணியை எடுத்தார். சற்று நேரத்தில் அதுவாகவே பாடத் தொடங்கியது. மறுபடி மூடினார். மறுபடி நின்றது.

பின்பலகையில் சூடு போக வெட்டிவிட்டிருந்த துளைகளை விளக்கில் பிடித்துப் பார்த்தார். சிவப்பு நூல் பிசிறு. ஜூனிலும் பார்த்திருக்கிறார், ஊதித் தள்ளியிருக்கிறார். இப்போதுதான் நாற்காலியில் கிடந்த கம்பளி ஞாபகத்துக்கு வந்தது. பக்கத்து அறையில் புருஷன் தூங்க, வெயில் கொளுத்தும் மூன்று மணிக்கு, அந்த அம்மாள் ரேடியோவையும் தன் தலையையும் சேர்த்துக் கம்பளியால் போர்த்திக்கொண்டு காதை வைத்துக் கேட்டிருக்கிறாள். சூடு வெளியே போக வழியில்லாமல் செட்டு நின்றிருக்கிறது. வியர்த்து விறுவிறுத்து அவள் கம்பளியை விலக்க, ஆறிப்போய் மறுபடி பாடியிருக்கிறது.

அவருக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அதுதான் பின்னாளில் அவரைத் தின்றது. "சமது பாய்! கண்டுபிடிச்சிட்டேன்!" என்று பக்கத்துத் தையல்கடை அப்துல் சமதைக் கூப்பிட்டு, அவர் பார்க்கப் பார்க்க மூன்றாவது வரியை எழுதினார். 'கம்பளியால் மூடிக் கேட்பதால் சூடேறி நிற்கிறது. செட்டில் குறை இல்லை.' அட்டையைக் குமிழில் கட்டினார். அம்மாள் வந்ததும் அவளுக்கு விளக்கிச் சொல்லி, சமையல்கட்டில் வைத்து மெதுவாகக் கேட்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அம்மாள் வரவில்லை. கிராணியார் வந்தார்.

கடையில் சமது பாய் இருந்தார். செட்டு வாங்க வந்த இரண்டு பேரும் இருந்தார்கள். கிராணியார் உட்காரவில்லை. "என்னப்பா சேதுராமா, மூணு மாசத்துல மூணு தடவை. தெரிஞ்சா செய்யணும், தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடணும். பத்து பெரெண்டாம் ஏர்ஃபீல்டுல ரேடியோ வேலை செய்யற ஆளுங்ககிட்டக் குடுத்திருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும். சனிக்கிழமை எங்க வீட்டுல இருவது பேரு வந்து உக்காரப் போறாங்க. நடுவுல நின்னு போச்சுன்னா எம் மானம்தானே போகும்?"

நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். சேதுராமனின் கை அப்போது அட்டை கட்டிய நூலின்மேல்தான் இருந்தது. அதை அறுத்துப் பையில் போட அவர் நினைத்தார், சத்தியமாக நினைத்தார். வால்வு மாற்றினேன், சரியாகிவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு காதில் சுட்டது. பாட்டைப் பற்றி அட்டையில் ஒரு வார்த்தை கூட இல்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

நூலிலிருந்து கையை எடுத்துவிட்டார். "செட்டுல ஒரு குறையும் இல்லைங்க ஐயா. காரணத்தை எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்க."

கிராணியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார்.

"புதன்கிழமையா?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செட்டைப் பெச்சாவில் ஏற்றச் சொன்னார். சமது பாய், "நல்லா மூஞ்சியில அடிச்ச மாதிரி குடுத்தீங்க அண்ணே" என்று முதுகில் தட்டினார். சேதுராமனுக்கு அந்தத் தட்டு பிடிக்கவில்லை.

அடுத்த நாள் புதன். காலையிலேயே அந்த வீட்டுக்குப் போய் அம்மாளிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் செருப்பை மாட்டினார், இரண்டு தரம் கழற்றினார். வேலை குவிந்து கிடக்கிறது என்பது ஒரு சாக்கு. போய் என்னவென்று சொல்வது என்பதுதான் நிஜம். மூன்று மணிக்குக் கடை ரேடியோவைத் திறந்தார். கடைசியில் ருக்மணி பாடினாள். நல்ல குரல். இதே பாட்டு இப்போது அந்த வீட்டுக் கூடத்திலும் கேட்குமே என்று நினைத்ததும் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

வியாழக்கிழமை காலையில் கிராணியார் செட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"வித்துடு" என்றார்.

"சனிக்கிழமைக்கு வேணும்னு சொன்னீங்களே... மறுபடி நிக்குதுங்களா ஐயா?"

"நிக்கல. முழுசாப் பாடுச்சு."

அவர் ஒரே நாளில் பத்து வயது கூடிப்போனவராகத் தெரிந்தார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் அந்தச் செட்டைத்தான் சேதுராமன் கடை வாசலில் வைத்துப் பாடவிட்டார். நல்ல சத்தம் வருகிற செட்டு வேறு இல்லை. தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று நூறு பேர் கூடி நின்று கேட்டார்கள். சுதந்திரக் கோஷம் எழுந்தபோது சமது பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேதுராமன் கையைத் தட்டினார், ஆனால் அவர் பார்வையெல்லாம் கிராணியார் வீட்டுப் பக்கமே இருந்தது. அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை சிவகாமசுந்தரி அம்மாள் நடந்தே வந்தாள். கையில் அந்த அட்டை.

"இதைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். குப்பையில போட மனசு வரல. நீங்க எழுதினது சரிதான் தம்பி. கம்பளிதான்."

"அம்மா, நான் வேணும்னு..."

"தெரியும். அவரு திட்டல, அடிக்கல. என்னையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு சத்தமா வெச்சாரு. பேரைச் சொன்னாங்க. அவ பாடி முடிக்கற வரைக்கும் கேட்டாரு. அப்புறம் என் கையைப் பிடிச்சு, இனிமே இந்தப் பாட்டைக் கேக்க மாட்டேன்னு அவ தலை மேல சத்தியம் பண்ணுன்னாரு. பண்ணிட்டேன்."

தலைமுழுகிவிட்ட பெண்ணின் தலைமேல் ஏன் சத்தியம் கேட்கிறீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். இதைப் பின்னாளில் மனைவி அஞ்சலையிடம் சொல்லும்போதெல்லாம் சேதுராமன் அந்த இடத்தில் பல்லைக் கடிப்பார். ஆனால் மகள் உயிரோடு இருக்கிறாள், பெற்றவள் எப்படி அந்தச் சத்தியத்தை மீறுவாள்?

"இங்க வந்து கேளுங்கம்மா. யாருக்கும் தெரியாது" என்று சேதுராமன் கெஞ்சினார்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "எம்மேலதான் தப்பு தம்பி. அது நின்னு நின்னு பாடினப்பக்கூட, ரெண்டு வரி, மூணு வரி காதுல விழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. அது போதும்னு இருந்திருக்கணும். முழுசா வேணும்னு ஆசைப்பட்டேன்" என்றாள். மேசைமேல் இருந்த தன் ரேடியோவை ஒரு தரம் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரமே சேதுராமன் புதிதாக அட்டை அடித்தார், இரண்டு வரியோடு. அந்தச் செட்டை அவர் விற்கவில்லை. வாங்க வந்தவர்களிடம் பழுது என்று சொல்லிவிட்டார். புதன்கிழமை மூன்று மணியானால் கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வார். ருக்மணி ரேடியோவில் பாடிய மூன்று வருஷமும் ஒரு பாட்டு விடாமல் கேட்டார். செட்டு ஒரு நாள்கூட நடுவில் நிற்கவில்லை.