வேணும் என்று சொன்னதைத் திரும்ப வாங்கினேன்

எங்கள் பக்கம் யாராவது தாளும் பேனாவுமாக வந்து வேணுமா என்று கேட்டால், என்ன ஏது என்று நாங்கள் விசாரிப்பதில்லை. வேணும் என்று சொல்லிவிடுவோம். மழை வெள்ளத்துக்கு அப்புறம் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஒருமுறை வேண்டாம் என்றால், அடுத்த முறை அரிசி கொடுக்கும்போது பட்டியலில் பேர் இருக்காது என்று ஒரு பயம்.

அன்றைக்கும் அப்படித்தான் சொன்னோம். காலடிப்பேட்டை மார்க்கெட்டில் நாற்பது வருஷமாக மீன் விற்கிறேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் ஒவ்வொரு கூடையாகக் குனிந்து கேட்டுக்கொண்டே வந்தாள். தொழிற்சாலைப் பக்கம் வாயு கசிந்தால் மோப்பம் பிடிக்கிற பெட்டியாம். கம்பத்தில் கட்டுவார்களாம். கசிந்த நிமிஷமே நம் போனுக்கு எழுத்தில் செய்தி வந்துவிடுமாம்.

"வேணும்மா, எழுதிக்கோ," என்றேன்.

பக்கத்துக் கூடைக்காரி என்னைவிட வேகம். "எனுக்கு ரெண்டு எழுதிக்கோ கண்ணு!"

பத்து நாள் கழித்துக் கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். வியாபாரத்தைப் பாதியில் விட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் போனோம். மேடையில் தலை நரைத்த ஒரு பெரியவர். அந்தப் பெண்ணுக்கு மேலதிகாரி.

"புதுசா ஒரு மெஷின் வந்தா, அது யாருக்கு உதவும், யாருக்கு உதவாதுன்னு பார்த்து எழுதறது எங்க வேலை," என்றார். "நாங்க எழுதறது டெல்லிக்குப் போகும். நாடாளுமன்றக் குழு அதைப் படிச்சிட்டுத்தான் பேசும். பெட்டியை வாங்கறதா வேணாமான்னு அப்புறம்தான் முடிவு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இது நிவாரணப் பட்டியலே இல்லை.

அந்தப் பெண் வாசித்தாள். "மீன் விற்கும் பெண்கள் அனைவரும் போன் செய்தியை வரவேற்கிறார்கள்."

பகீரென்றது. போன வருஷம் ஒரு மத்தியானம் எங்கிருந்தோ ஒரு நெடி வந்தது. கண் எரிந்தது. என் மருமகள் வாந்தி எடுத்து மயங்கி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அடுத்த தடவையும் அப்படி வந்தால் எங்களைக் காப்பாற்றப்போவது போனில் வரும் எழுத்தா? அதற்கு நானே வேணும் என்று சொல்லியிருக்கிறேனா?

எழுந்துவிட்டேன். பக்கத்துக் கூடைக்காரி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஏ, குந்து! பேர அடிச்சிடப் போறாங்கோ!"

"அடிக்கட்டும், வுடு."

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பேர் என்னைப் பார்க்கவில்லை.

"ஐயா, நான் சொன்னத திரும்ப வாங்கிக்கிறேன். பெட்டி வேணும். மெசேஜு வோணாம்."

"ஏம்மா?"

இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினேன். இரண்டு பிளாஸ்டிக் கவர், மேலே ரப்பர் பேண்டு. எங்கள் மார்க்கெட்டில் எல்லாப் போனும் இந்தக் கோலத்தில்தான் இருக்கும், ஐஸ் தண்ணீருக்குப் பயந்து. எல்லாரும் பார்க்கப் பிரித்து, விரலால் தேய்த்தேன். திறக்கவில்லை. மறுபடி தேய்த்தேன். ஊஹூம்.

"பாத்தியா? கையெல்லாம் செதிளு. தொறந்தாலும் எனுக்குக் கையெழுத்து மட்டுந்தான் வரும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள மூச்சு நின்னுபூடும். கம்பத்துலயே ஒரு ஸ்பீக்கர வையி. வாயால சொல்லு."

மண்டபமே சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. "சத்தம் கேட்டு எல்லாரும் ஒரே நேரத்துல ஓடினா மிதிபட மாட்டீங்களா?"

நல்ல கேள்வி. என்னை ஒரு ஆளாக மதித்துக் கேட்ட கேள்வி. "அதான் நைனா, எந்தப் பக்கம் ஓடணும்னும் சேத்து சொல்லச் சொல்றேன்."

பின்னாலிருந்து ஒரு குரல், எனக்கும் மெசேஜு வோணாம் என்றது. அப்புறம் இன்னொன்று. பக்கத்துக் கூடைக்காரியும் எழுந்து, "என் ரெண்டையும் அடிச்சிடும்மா!" என்று கத்தினாள். அந்தப் பெண் வாசித்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். அடித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நாலைந்து மாதம் கழித்து அவளே போன் பண்ணினாள். நாங்கள் சொன்னது அறிக்கையில் தனிப் பக்கமாகவே போயிருக்கிறதாம். குழுக் கூட்டத்தில் ஒரு எம்பி அதை எடுத்துப் படித்தாராம். மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி கூவிச் சொன்னேன்.

"டெல்லில குந்திகினு உன் மீன் செதிளப் பத்தியா பேசறாங்கோ?" என்றாள் பக்கத்துக் கூடைக்காரி.

"பின்ன? உன் மூஞ்சியப் பத்தியா பேசுவாங்கோ?"

வாங்குவதற்கு முன்னால் பெட்டியையும் ஸ்பீக்கரையும் எங்கள் மார்க்கெட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று குழு சொல்லிவிட்டதாம். காலையில் ஆறு மணிக்கு வருகிறோம் என்றாள் அந்தப் பெண். "ஆறு மணிக்கு நான் காசிமேட்டு மீன் ஏலத்துல நிப்பேன். ஒம்போதுக்கு வா," என்றேன். ஒன்பதுக்கே வந்தார்கள்.

கம்பத்திலிருந்து குரல் கணீரென்று வந்தது. "அனைவரும் கிழக்குத் திசை நோக்கி வெளியேறவும்."

ஒருத்தரும் நகரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கிழக்கு மேற்குன்னு யாரு பாத்துகினு ஓடுவா?" என்றேன். "கடல் பக்கம் ஓடுன்னு சொல்லச் சொல்லு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பேனாவின் மூடியைத் திறந்தாள்.