அக்காவின் முதல் படம்

கும்மிடிப்பூண்டியில் மூடிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலைக் கொட்டகையில், துணிக்கடை விளம்பரத்துக்காகப் பேத்தி படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்க விளக்கை அணைத்தாள். புடவை கட்டி நின்ற பெண்ணின் பாதி முகம் நிழலுக்குள் போனது. மூக்கும் கன்னமும் செதுக்கியதுபோல் எழுந்து நின்றன. எனக்குச் சரசா அக்கா நினைவு வந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப, கவரைப்பேட்டை ஸ்டூடியோவில் அக்காவைப் படம் எடுத்தார்கள். ஸ்டூடியோக்காரர் இப்படித்தான் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வைத்தார். படம் வந்ததும் அக்கா அதைக் கீழே வைக்கவேயில்லை. எல்லோரும் அவளையே கொண்டாடியது எனக்குப் பொறுக்கவில்லை.

"நைனா, இன்னா இது, அக்காவுக்குப் பாதி மூஞ்சி கரியாட்டம் கீது!" என்று சிரித்தேன்.

நைனா வாங்கிப் பார்த்தார். "ஆமாண்டா. கருப்புப் பொண்ணுன்னு வேணாம்னுடுவாங்க. கிழிச்சிப் போடு."

"எனக்குப் புடிச்சிருக்கு நைனா," என்றாள் அக்கா.

நான் கிழித்தேன்.

மறுநாள் முகமெல்லாம் பவுடர் அப்பி, இரண்டு பக்கமும் விளக்கெரிய, வேறு படம் எடுத்தார்கள். வெள்ளையடித்த சுவர்போல் இருந்தாள். அதைப் பார்த்துத்தான் கல்யாணம் முடிந்தது. பிறகு அவள் கேமரா முன் நிற்கவே இல்லை.

போன மாதம் அவள் இறந்தபோது மாலை போட அந்தப் பவுடர் படம்தான் கிடைத்தது. "எங்கம்மா மாதிரியே இல்ல மாமா," என்றான் அவள் மகன்.

"தாத்தா, மூஞ்சி ரொம்ப இருட்டா கீதா?" என்று பேத்தி கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்குப் புடிச்சிருக்கான்னு கேளும்மா," என்றேன்.