திரேஸ்புரத்திலிருந்து ஒரு தூது

தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கிறது. என்னோடு வந்திருப்பவர் கொழும்பு உட்பட ஊர் ஊராகத் தூதராக இருந்தவர். பதவியை விட்டபின் முத்துக்குளிப்பு வரலாற்றில் இறங்கி இரண்டு புத்தகம் எழுதிவிட்டார். மூன்றாவதற்காக, முத்துக்குளித்த குடும்பத்து மரியக்காவைத் தேடி வந்திருக்கிறோம். நான் அவசர அவசரமாக ரெக்கார்டரை நீட்டுகிறேன். மரியக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“முத்துக்கதை கெடக்கட்டும். எல்லை தாண்டிட்டான்னு எந் தம்பிய இலங்கை ஜெயில்ல வச்சிருக்காவ. நீங்க அங்கன தூதரா இருந்தியளாமே, ஒரு வார்த்த சொல்லுங்களேன்.”

“நான் ரிட்டயர்டு ஆயிட்டேம்மா,” என்கிறார் அவர்.

“தூதருக்கு என்னய்யா ரிட்டயர்டு? எங்க கோயில்ல றெக்கையோட நிக்காரே அதிதூதர், அவரு எப்ப ரிட்டயர்டு ஆனாரு?”

பக்கத்தில் வலை பின்னுகிற பெண்கள் குலுங்கிச் சிரிக்கிறார்கள். மரியக்கா சிரிக்கவில்லை, என்னோடு வந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அவர் கைபேசியை எடுத்து, கொழும்பில் பழகிய அதிகாரி ஒருவரை அழைக்கிறார். “முன்னாள் தூதர் பேசுகிறேன்...” என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்துகிறார்.

“தூத்துக்குடியிலிருந்து ஓர் அக்கா சொல்லியனுப்பியிருக்கிறார்,” என்கிறார்.