மதகில் இருப்பவள்

சிறுவர்களுக்கான பேய்க்கதை நூலுக்கு விருது தருகிறார்கள் என்று தெரிந்ததும் நானும் என் நாவலை அனுப்பினேன். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர் வாய்க்கால் மதகுக்கு அடியில் ஒருத்தி இருக்கிறாள், கிட்டே வரும் பிள்ளைகளின் காலைப் பிடித்து இழுப்பாள் என்பதுதான் கதை. அவளை நான் உண்டாக்கவில்லை. மேட்டூர் அணை திறந்த செய்தி வந்தால் எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மதகு வாயில் சுழல் இருக்கிறது, உள்ளே இழுத்துவிடும் என்று விளக்கினால், பிள்ளைகள் எனக்குத்தான் நீச்சல் தெரியுமே என்பார்கள். ஆள் இருக்கிறாள் என்றால் மறுபேச்சு கிடையாது.

கடைசிச் சுற்றில் இரண்டு புத்தகங்கள் நின்றன. விருதுக் குழுவிலிருந்து ஒருவர் போன் செய்தார். அடுப்பில் கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நடுவர்களுக்கு உங்க புக்குதாங்க பிடிச்சிருக்கு. கடைசி அத்தியாயம்தான் இடிக்குது. பேயெல்லாம் கிடையாது, வெறும் தண்ணி இழுப்புதான்னு முடிச்சிடுங்களேன். அடுத்த பதிப்புல மாத்துறேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். பசங்க பயப்படுவாங்க இல்லீங்களா?”

பேய்க்கதைக்கு விருது கொடுப்பவர்களுக்குப் பேய்தான் இடிக்கிறது. எரிச்சலாக வந்தது. ஆனால் எனக்கு அந்த விருது வேண்டும். மேடைக்கு எந்தச் சேலை என்றுகூட எடுத்து வைத்திருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தாலும், மனசுக்குள் சரி சொல்லியாகிவிட்டது.

“அப்ப மதகுல யாரும் இல்லையாம்மா?” என்றாள் மகள்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. போன வருடம்தான் நீச்சல் கற்றிருந்தாள்.

“இந்த வருஷம் நானும் மதகு மேலேருந்து குதிக்கிறேன்.”

தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டதாக அன்று காலையில்தான் செய்தி. இன்னும் சில நாளில் எங்கள் வாய்க்காலுக்கும் வந்துவிடும்.

“இருக்கா. அவருக்கு வெளியூரு, தெரியாது” என்றேன்.

உடனே, அவள் காதில் விழும்படி, அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். “முடிவை மாத்த முடியாதுங்க. அவ அங்கதான் இருக்கா.” எனக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்.

விருது இன்னொரு புத்தகத்துக்குப் போயிற்று. அதில் வரும் பேய் கடைசியில் கொடியில் காயும் வேட்டியாகிவிடுகிறது.

விழா நடந்த அன்று மாலை எங்கள் வாய்க்காலில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. எடுத்து வைத்த சேலையைக் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போனேன். வருத்தம்தான், மறைக்க என்ன இருக்கிறது. மகள் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். கொஞ்சம் தள்ளி மதகு இரைந்துகொண்டிருந்தது.

“பரிசு போச்சேம்மா.”

“போனா போகுது.”

மதகை ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் ஒரு படி மேலேறி என்னை ஒட்டி நின்றுகொண்டாள்.