குதிரை வாடை அடித்த காய்

கார்த்திகை பிறந்தால் என் கொழுந்தன் ராசாங்கம் போடியிலிருந்து புது ஏலக்காய் கொஞ்சம் பொட்டலம் கட்டி அனுப்பிவைப்பான். நான் இப்போது மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறேன். பொட்டலம் வந்ததும் முதல் வேலையாக ஒரு காயை உள்ளங்கையில் வைத்து நசுக்கி மூக்குக்குக் கொண்டுபோவேன். "மண்டிக்காரன் மாதிரி மோந்து மோந்து பாக்குறியே, அப்படி என்னம்மா தேடுற?" என்று மகள் சிரிப்பாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மிச்சத்தை டீக்குத் தட்டிப் போடுவேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் தேடுவது குதிரை வாடையை.

எழுபதுகளின் கடைசியில் ராசிங்காபுரத்திலிருந்து கல்யாணமாகி மலைக்குப் போனவள் நான். குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டம். அதற்கு ரோடு கிடையாது. அரிசி, மண்ணெண்ணெய், உப்பு எல்லாம் மட்டக்குதிரை முதுகில் ஏறும்; காய்ந்த ஏலக்காய் அதே முதுகில் இறங்கும். எங்களிடம் மூன்று இருந்தன. செம்பி, கருப்பன், சிட்டு. பிறந்ததிலிருந்து மாட்டையே பார்த்து வளர்ந்த எனக்குக் குதிரையை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. முதல் நாள் செம்பியைப் பார்த்து "ம்மா, இந்தா" என்றேன். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஆனால் அது வந்தது. பிறகு கடைசிவரைக்கும் என்னிடம் மாடாகவே இருந்துவிட்டது.

செம்பிதான் முன்னோடி. கழுத்தில் மணி கட்டியிருக்கும். அது அடி எடுத்து வைத்தால்தான் மற்ற இரண்டும் நகரும். ஒருமுறை அதற்கு ஓய்வு கொடுக்கலாமென்று கருப்பனை முன்னால் விட்டார்கள். ஓடைக்கரை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நின்றுகொண்டது, மாமியார் வீட்டுக்குப் போக மறுக்கிற மாப்பிள்ளை மாதிரி.

ஐப்பசி மழை எங்கள் பக்கம் பிடித்தால் விடாது. லோடு நின்றுபோகும். குதிரைகளை வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்மேட்டில் அவிழ்த்துவிட்டுவிடுவோம். புல் மேலுக்குப் பச்சையாக இருக்கும், காலை வைத்தால் கணுக்கால் வரை சேறு. மூன்றும் வால் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி, தலையைத் தொங்கப்போட்டு நாள் முழுக்க நிற்கும். அந்தச் சேற்றின் புளித்த வாடை சமைக்கிற இடம் வரைக்கும் வரும்.

பார்க்கச் சகிக்காமல் நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தோம். ஏலச்செடி தூரில் சருகு போடுவது எங்களுக்குக் கைப்பழக்கம். மரத்தடியில் கிடந்த சருகையெல்லாம் கூடை கூடையாக அள்ளிவந்து, குதிரை நிற்கிற இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் போட்டோம். மெத்தை மாதிரி இருந்தது. குதிரைகளும் அதிலேயே போய் நின்றன. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

கார்த்திகை நடுவில் செம்பி முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. வீட்டுக்காரர் குளம்பைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் மெத்தென்று இருக்கிற பாகம் கறுத்து, விரல் பட்டால் பிய்ந்துவந்தது. அந்த நாற்றத்தை நான் சொல்லப்போவதில்லை. இன்னொரு காலும் அப்படித்தான். அவர் எழுந்து சருகுக்குள் கையை விட்டார். உள்ளே மண் வெதுவெதுப்பாக, சொதசொதவென்று, வெள்ளை பூத்துக் கிடந்தது.

"ஏலத்துக்குன்னா இது நல்ல பதம்" என்றார். வேர் காயக்கூடாது என்றுதானே செடிக்குச் சருகு போடுகிறோம். அதே ஈரம் குளம்பை அழுகவைக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஓடையில் வெள்ளம். டாக்டரைக் கூட்டிவர வழியில்லை. காலில் வலி தாங்காமல் குதிரை படுத்துவிட்டால் பிறகு எழுப்புவது கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். நனையாத தரை என்று மலையில் எங்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்: காய் உலர்த்துகிற ஸ்டோர். உள்ளறையில் விறகு எரியும், தட்டுகளில் காய் கிடக்கும். மூட்டை பிடிக்கிற முன்னறையின் சிமெண்டுத் தரை அந்தச் சூட்டில் எப்போதும் காய்ந்தே இருக்கும்.

"அண்ணே, வேணாம்ணே. காய்ல வாடை ஏறிரும்" என்று ராசாங்கம் வாசலை மறித்து நின்றான். "ஒரு வருச வெள்ளாமைண்ணே அது."

"தெரியும்டா."

"தெரிஞ்சும் கொண்டுவர்றியே?"

"அது நிக்கிது பாரு."

செம்பி மழையில் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. ராசாங்கம் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றான். எனக்குக் காயும் வேண்டும், குதிரையும் வேண்டும். நான் போய்ச் செம்பியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவன் கதவை விட்டு விலகினான். பத்து நாள் போல எங்களோடு பேசவில்லை.

பேசவில்லையே தவிர, தினமும் குளம்பைத் தூக்கிப் பிடித்தது அவன்தான். கொதித்த உப்புத் தண்ணீரை ஆறவைத்துக் கழுவி, துணியால் ஒற்றி, ஏலத்துக்கு அழுகல் வராமல் தெளிக்கிற மயில்துத்தத்தைப் பொடித்து வைப்பார் வீட்டுக்காரர். நான் செம்பியின் தலையைக் கட்டிக்கொள்வேன். எரிச்சலில் அதன் உடம்பு முழுக்க நடுங்கும். வாய் திறந்து கத்தாது. மாடென்றால் கத்தியாவது தீர்த்துக்கொள்ளும். நான் அதன் பிடரியில் முகத்தை வைத்து அழுதிருக்கிறேன்.

மார்கழிக் கடைசியில் தரை இறுகியது. ஒருநாள் விடியலில் செம்பி நான்கு காலையும் ஊன்றி ஸ்டோரை விட்டு வெளியே வந்தது. தை பிறந்து மணியைக் கட்டினோம். முதல் லோடு அந்த வருசத்துக் காய்தான்.

கணவரும் கொழுந்தனும் அதைப் போடியில் மண்டிக்குக் கொண்டுபோனார்கள். மண்டிக்காரர் காயை நசுக்கி மோந்து பார்த்துவிட்டுத் தட்டிலேயே திருப்பிப் போட்டாராம். "என்னய்யா இது, குதிர வாடை அடிக்குது?" சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ராசாங்கம்தான் முன்னால் வந்து, "ஆமா, எங்க குதிரதான். வெளிய நிக்கிது, நடந்து வந்துச்சு" என்றானாம். கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அடுத்து வந்த தீபாவளிக்கு எங்கள் வீட்டில் துணி எடுக்கவில்லை.

எண்பதுகளில் தோட்டம் வரைக்கும் மண்ரோடு வந்தது, பின்னாலேயே ஜீப்பு வந்தது. கருப்பனும் சிட்டும் கைமாறிப் போயின. செம்பியை மட்டும் அவர் கொடுக்கவில்லை. மழைக்காலம் வந்தால் அதுவாகவே போய் ஸ்டோர் வாசலில் நிற்கும், நாங்களும் திறந்துவிடுவோம். ராசாங்கம் முணுமுணுத்துக்கொண்டே காய் மூட்டையை நகர்த்திவைப்பான். ஒரு கார்த்திகையில் அந்தக் காய்ந்த தரையிலேயே படுத்தது, எழவில்லை. அவரும் போய்ச் சேர்ந்து வருசங்கள் ஆகின்றன.

புல்மேட்டில் இப்போது ஜீப்பு நிறுத்துகிறார்களாம். கரண்டு அடுப்பில் காய் உலர்கிறதாம், ஸ்டோருக்குள் ஒரு வாடை அண்டாதாம். போனில் ராசாங்கம் சொன்னான். பிறகு, "காய் வந்துச்சா மதினி? மோந்து பாத்தீங்களா?" என்று கேட்டான்.

பார்த்தேன் என்றேன்.

"அடிக்குதா?"

"இல்லப்பா. வெறும் ஏலக்காய்தான் மணக்குது."